ஓயாத தலைசுற்றலும் கண் பரிசோதனையும்: கேள்வி பதில்

பயிற்சி மருத்துவர்: நேற்றிலிருந்து ஓயாமல் தலைசுற்றி வாந்தியெடுக்கும் ஒருவருக்குக் கருவிழிகள் தாமாகவே அங்குமிங்கும் துடித்துக்கொண்டே இருக்கின்றன. தலைத்திருப்புப் பரிசோதனை இயல்பாக இருந்தது. நிம்மதியடையலாமா, ஐயா?

கூடாது. பலர் சறுக்கும் இடம் இதுதான். நோயாளியை உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லி, தலையை இரு கைகளாலும் பிடித்துச் சிறிதளவே, ஆனால் சடாரென்று திருப்பும்போது, சமநிலை நரம்பு பழுதுபட்ட பக்கத்தில் கண்கள் தலையோடு சேர்ந்து போய்விட்டு, ஒரு வெட்டு வெட்டி மூக்குக்குத் திரும்பும். ஹால்மாகியும் கர்தாய்ஸும் 1988-இல் விவரித்த அந்த வெட்டு தெரிந்தால் பெரும்பாலும் நரம்பு அழற்சிதான். உங்கள் நோயாளியிடம் அது இல்லை என்பதால், சிறுமூளையிலோ மூளைத்தண்டிலோ பக்கவாதம் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, இடமும் வலமும் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பின் வேகமான வீச்சு பார்வைக்கேற்பத் திசை மாறினால் கோளாறு மூளையில். பிறகு கண்களை மாறிமாறி மூடுங்கள். திறக்கும் கண் மேலோ கீழோ நகர்ந்து நிலைகொண்டால் அதுவும் அப்படியே. கழுத்தில் அடிபட்டவரின் தலையைத் திருப்பவே கூடாது.

ஒரு மகள்: அம்மாவுக்குப் படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் சுற்றுகிறது.

அவருக்கு இந்தப் பரிசோதனை பொருந்தாது. டிக்ஸ்-ஹால்பைக் முறையில் பார்க்க வேண்டும். தலையை 45 பாகை திருப்பிச் சட்டெனப் படுக்க வைத்தால், சில விநாடி கழித்துக் கண் சுழன்றபடி நெற்றிப் பக்கம் துடித்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். உள்காதுத் துகள் இடம் மாறியதால் வருவது. தலையை வரிசையாகத் திருப்பி அந்தத் துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும் எப்லி முறையில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அவசர சிகிச்சை மருத்துவர்: கூட்ட நெரிசலில் இதெல்லாம் நடக்குமா? எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதாதா?

போதாது. 2009-இல் வெளியான 101 பேரின் ஆய்வில், தலையைத் திருப்புவது, இடவலம் பார்க்கச் சொல்வது, கண்களை மாறிமாறி மூடுவது என்ற மூன்று பரிசோதனைகளும் சேர்ந்து ஒரு பக்கவாதத்தையும் தவறவிடவில்லை, தொடக்க எம்.ஆர்.ஐ.யோ பக்கவாதம் வந்தவர்களில் 12 விழுக்காட்டினரிடம் தவறாக இயல்பு என்றது.

அவரே: அந்த ஆய்வில் சோதித்தவர்கள் வல்லுநர்கள்!

உண்மை, பழகாத கைக்கு அந்தத் துல்லியம் வராது. அதனால்தான் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும் என்று 2023-இல் வந்த அமெரிக்க அவசர மருத்துவ வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் பழக வேண்டியவர் நீங்கள்தான். நள்ளிரவில் அந்த நோயாளியை முதலில் பார்ப்பவரும் நீங்களே.

இன்னொருவர்: சி.டி. இயல்பாக இருந்தால்?

சிறுமூளைப் பகுதியில் புதிய அடைப்பைச் சி.டி. பெரும்பாலும் காட்டாது.

மற்றொருவர்: வெட்டு தெரிகிறது, ஆனால் ஒரு காதும் திடீரெனக் கேட்கவில்லை.

அருமையான கேள்வி. உள்காதுக்கும் மூளைத்தண்டுக்கும் இரத்தம் தரும் தமனி அடைபட்டாலும் அப்படி வரும். நரம்பு அழற்சி என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வேறொருவர்: சுற்றல் நின்றுவிட்டது. இப்போது தலைத்திருப்புப் பரிசோதனை செய்யலாமா?

வேண்டாம். சுற்றலும் கண்துடிப்பும் தொடரும்போது மட்டும்தான் இதற்குப் பொருள் உண்டு.

கடைசியாக ஒருவர்: எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது.

படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பாருங்கள். பொது மருத்துவரிடம் செல்லுங்கள்.