சாம்பிள் லைப்ரரி (நிஜ வாத்தியத்த நோட் நோட்டா ரெக்கார்ட் பண்ணி, கம்ப்யூட்டர்ல வாசிக்கற மாதிரி விக்கற தொகுப்பு) வாங்கப் போறீங்களா? கேள்வி-பதில்

கே: வயலின் லைப்ரரி வாங்கினேன். கான்டாக்ட் பிளேயர்ல (லைப்ரரிய ஓட்டற இலவச சாஃப்ட்வேர்) கொஞ்ச நேரம் ஓடிட்டு நின்னுடுது. ரீஃபண்ட் கிடையாதாம்.

ப: லைப்ரரி கெட்டுப்போகல. தயாரிச்சவங்க கான்டாக்ட் கம்பெனியான நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்கிட்ட லைசென்ஸ் பண்ணாத லைப்ரரி இலவச பிளேயர்ல 15 நிமிஷம் டெமோவாதான் ஓடும், முழு கான்டாக்ட் தனியா காசு குடுத்து வாங்கணும். இத விலைக்குப் பக்கத்துலயே போட்டிருக்கணும், பொடி எழுத்துல எங்கயோ அடில ஒளிச்சு வெச்சிருந்தா அது ஏமாத்து வேலைதான், விடாதீங்க. அந்த பேஜ ஸ்கிரீன்ஷாட் எடுத்து மெயில் போடுங்க, மசியலன்னா கார்டு கொடுத்த பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க.

கே: 60 ஜிபி, 5 ஜிபி ரெண்டும் ஒரே விலை. பெருசுதானே லாபம்?

ப: இந்த ஜிபி கணக்கக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒரே நோட்ட நாலு மைக்ல எடுத்தா சைஸ் நாலு மடங்கு, வாசிச்சது என்னமோ ஒரு தடவைதான். கேக்க வேண்டியது வெலாசிட்டி லேயர் (மெதுவா, பலமான்னு ஒரே நோட்ட வேற வேற பலத்துல எடுத்தது) எத்தன, ரவுண்ட் ராபின் (அதே நோட்ட அதே பலத்துல திரும்பத் திரும்ப வாசிச்சு எடுத்தது) எத்தன. ரவுண்ட் ராபின் இல்லன்னா ஒரே நோட்ட வேகமா தட்டும்போது மெஷின் கன் மாதிரி கேக்கும். சில பேர் பக்கத்து நோட்ட அரை ஸ்வரம் இழுத்துட்டு அதயும் ரவுண்ட் ராபின் கணக்குல சேத்துடுவாங்க. நான் வாங்கின ஒரு செல்லோ லைப்ரரி, டெமோ அவ்வளவு அழகு. ரிவெர்ப (எதிரொலி எஃபெக்ட்) ஆஃப் பண்ணினா ஒவ்வொரு நோட்டுக்கு அடிலயும் ரூம் ஏசி இரைச்சல், நாலு நோட் சேத்துப் பிடிச்சா நாலு இரைச்சலும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது. அவங்க டெமோ எதுலயும் செல்லோ தனியா ஒரு இடத்துல கூட வராது, கூடவே கோரஸ், டிரம்ஸ். ரிவெர்ப் இல்லாத ஒத்த நோட்ட போட்டுக் காட்டாதவங்ககிட்ட வாங்காதீங்க.

கே: வாங்கின லைப்ரரிய திரும்ப ரெக்கார்ட் பண்ணி என் லைப்ரரின்னு விக்கலாமா? காசு குடுத்திருக்கேனே.

ப: கூடாது. காசு குடுத்தது பாட்டு போட.

கே: ஆஃபர்ல வாங்கிக் குவிச்சதுல பாதிய இன்ஸ்டால் கூட பண்ணல. வேற யாருக்காவது வித்துடலாமா?

ப: நிறைய லைசென்ஸ்ல மாத்திக் குடுக்க அனுமதி கிடையாது. வாங்கறதுக்கு முன்னாடி படிச்சிருக்கணும்.

கே: என் பியானோவ சாம்பிள் பண்ணி விக்கப் போறேன். இலவச பிளேயர்ல ஓடற மாதிரி குடுக்க முடியுமா?

ப: முடியும், ஆனா நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட ஒப்பந்தம் போட்டு கட்டணம் கட்டணும், முதல் லைப்ரரிக்குக் கட்டுப்படியாகாது. டீசன்ட் சாம்ப்ளர்னு இன்னொரு பிளேயர் இலவசம், அதுல ஓடற மாதிரி வெளியிடுங்க. பெடல் மிதிச்சு ஒண்ணு, மிதிக்காம ஒண்ணுன்னு தனித்தனியா எடுங்க, கீய விட்டதும் டேம்பர் (தந்திய அமுக்கி சத்தத்த நிறுத்தற பாகம்) விழற சத்தத்தயும் விடாதீங்க. எந்த சாம்ப்ளர்ல ஓடும்னு விலைக்கு மேலயே எழுதிடுங்க.