வீடும் போகிறது, வள்ளமும் அழைக்கிறது: காயல் பயணத்துக்கு முன் கரையில் முடிக்க வேண்டியவை

கேள்வி: அண்ணா, எனக்கு 31 வயது. குழித்துறை நகராட்சிக்குள் வாடகை வீடு, ரப்பர் பால்வெட்டு வேலை. அம்மா போன ஆடியில் இறந்துவிட்டார்கள். வேறு யாரும் இல்லை. மார்கழிக்குள் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார் வீட்டுக்காரர். கையில் 40,000 ரூபாய், அவரிடம் அட்வான்ஸ் 20,000. மாமா விட்டுப்போன 15 அடி அயனிமர வள்ளம் ஆற்றங்கரையில் ஏழு வருடமாகக் கவிழ்ந்து கிடக்கிறது. தை, மாசியில் இலை உதிரும், வெட்டு கிடையாது. வீட்டை விட்டுவிட்டு, தேங்காய்ப்பட்டணத்தில் இறங்கி, கரையை ஒட்டியே துடுப்புப் போட்டுக் கோழிக்கோடு வரை போகலாம் என்று ஆசை. வாடகை மிச்சம், மனசுக்கும் கொஞ்சம் ஆறும். என்னென்ன தயார் செய்ய வேண்டும்? அம்மாவின் தையல் மிஷினை எங்கே வைப்பது?

பதில்:

தம்பி, பயணம் போங்கள். ஆனால் கடல் வழியாக வேண்டாம். திரும்பி வர ஒரு இடம் பார்க்காமல் வீட்டை விட்டுவிட்டும் போக வேண்டாம். இந்த இரண்டையும் மாற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் செய்யக்கூடிய வேலைதான்.

நான் கீழமணக்குடியில் பிறந்தவன். 2004 டிசம்பர் 26 அன்று ஆறு கடலில் சேரும் எங்கள் பொழிமுகத்துப் பாலத்தையே கடல் பெயர்த்துக்கொண்டு போனது. வீடு போன துக்கத்தைவிட, அடுத்த ஒரு வருடம் என்னை அலைய வைத்தது காகிதங்கள். ரேஷன் கார்டு இல்லை, பாஸ்புக் இல்லை, "எந்த முகவரி?" என்று கேட்கிற எவருக்கும் சொல்லப் பதில் இல்லை. முகவரி இல்லாதவனின் நாள் முழுக்க அலுவலக வாசலிலேயே கழிந்துவிடும். அதனால்தான் வள்ளத்தைப் பற்றிப் பேசும் முன் உங்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறேன்.

வீட்டுக்காரர் வாயால் சொன்னதாலேயே நீங்கள் இறங்கிவிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காலி செய்ய வைக்க வேண்டுமானால் வாடகை நீதிமன்றம் வழியாகத்தான் போக வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ அவர் துண்டிக்கக் கூடாது. அதே சட்டத்தில் உங்களுக்குப் பாதகமான ஒரு இடமும் உண்டு. எழுத்து ஒப்பந்தம் போடாமல் இருப்பதையே காரணமாகக் காட்டி அவர் மனு போடலாம். உங்களிடம் ஒப்பந்தம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆகவே சண்டைக்குப் போகாமல் அவகாசம் கேளுங்கள். பேசும் முன் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரில் போய்க் கேளுங்கள். 20,000 அட்வான்ஸ் கையில் வரும் நாளில் சாவியைக் கொடுப்பது என்று பேசி, அதை எழுதி வாங்குங்கள். "பிறகு தருகிறேன்" என்பதற்குத் தலையாட்டிவிட்டுத் தண்ணீரில் இறங்கினால், திரும்பி வந்து அதைத் துரத்த உங்களுக்கு நிற்க இடம் இருக்காது.

அடுத்தது, மாசி முடிந்து நீங்கள் வந்து இறங்கப்போகும் இடம். நீங்கள் வெட்டும் தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் புரை (கொட்டகை) இருக்குமே, அதை ஒட்டி ஒரு அறை கிடைக்குமா என்று முதலாளியிடம் கேளுங்கள். தளிர் விட்டதும் வெட்டுக்கு ஆள் தேவைப்படுவது அவருக்குத்தான். இப்போதே அடுத்த வெட்டுக்கு வாக்குக் கொடுத்தால், அறை தர அவருக்கும் மனம் வரும். இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. வேலையோடு சேர்ந்து கிடைக்கும் இடம் வேலை போனால் சேர்ந்தே போகும். அதை வருடக்கணக்கில் நம்பாமல் ஆறு மாதத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அமையவில்லை என்றால், சேர்ந்து வெட்டும் ஆட்களோடு ஒரு அறையைப் பங்கு போடுங்கள். இரண்டும் நடக்காமல் கடைசி நாள் வந்துவிட்டால், நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடம் பற்றி நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

40,000-த்தில் 25,000 ரூபாயைத் தொடவே கூடாது. அது திரும்பி வந்ததும் கொடுக்க வேண்டிய அட்வான்ஸும் முதல் மாதச் சாப்பாடும். அஞ்சலகச் சேமிப்பில் போட்டுவிட்டுப் பாஸ்புக்கைக் கரையில் வைத்துவிடுங்கள். மீதி 15,000-க்குள் பயணம் அடங்கவில்லை என்றால் நாட்களைக் குறையுங்கள்.

காகிதங்கள் மூன்று இடத்தில் இருக்கட்டும். அசல், நம்பிக்கையான ஒருவர் வீட்டு அலமாரியில். நகல், பிளாஸ்டிக் உறையில் உங்கள் இடுப்பில். படம், போனில் டிஜிலாக்கரில். கடிதங்கள் வர, அந்த நம்பிக்கையானவரின் முகவரியை 'மேற்பார்வை' என்று போட்டுக் கொடுங்கள். உங்களுடையது முன்னுரிமைக் குடும்ப அட்டையாக இருந்தால், ஆதார் இணைத்திருக்கும்பட்சத்தில் கேரளத்து ரேஷன் கடையிலும் விரல் வைத்து அரிசி வாங்கலாம்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன்.

'கரையை ஒட்டியே' என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பக்கக் கடலில் ஆபத்தே கரை ஓரத்தில்தான். அலை மடங்கி உடைகிற இடத்தில் 15 அடி வள்ளம் குறுக்கே திரும்பினால் அடுத்த அலையிலேயே கவிழும். தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயில் பரம்பரைக் கடலோடிகளையே பலி வாங்கியிருக்கிறது. காற்றே இல்லாத தெளிந்த நாளில், எங்கோ தொலைவில் கிளம்பிய அலை வந்து கரையை அடிப்பதைத்தான் 'கள்ளக்கடல்' என்கிறோம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அப்படி ஒரு நாளில் இழந்தோம். 2017 நவம்பர் 30-ஐ, ஒக்கிப் புயல் வந்த அந்த நாளை, உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. தனி ஆள், ஏற்றிய பாரம், ஏழு வருடம் காய்ந்த மரம் என்று இத்தனையையும் வைத்துக்கொண்டு கடலில் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன்.

ஏ.வி.எம். கால்வாய் வழியாகப் போகலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் 19-ஆம் நூற்றாண்டில் திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கத் திட்டமிட்டு, முழுதாக முடியாமல் நின்றது. வெட்டிய பகுதியிலும் இன்று மண்ணும் ஆகாயத்தாமரையும் குப்பையும்தான். வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தூரமே அதிகமாகிவிடும்.

ஆகவே கொல்லத்தில் தொடங்குங்கள். கொல்லம் முதல் கோட்டப்புறம் வரை 168 கிலோமீட்டர் காயலும் கால்வாயுமாகத் தொடர்ந்து கிடக்கிறது. 1993-இல் தேசிய நீர்வழி எண் 3 என்று அறிவித்த பாதை இது. அஷ்டமுடி, காயங்குளம் காயல், திருக்குன்னப்புழை, ஆலப்புழை, வேம்பநாடு, கொச்சி என்று வழி போகும். 2016-இல் சட்டப்படி கோழிக்கோடு வரை நீட்டினாலும், கோட்டப்புறத்துக்கு வடக்கே எல்லா இடமும் ஓடத்துக்குச் சீராகவில்லை. இந்த முறை கோட்டப்புறத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். குழித்துறையிலிருந்து கொல்லத்துக்கு வள்ளத்தை ஒரு மினி லாரியில் ஏற்றிவிடலாம், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். மீன் இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் வண்டி கிடைத்தால் செலவு பாதியாகும்.

இப்போது வள்ளம். அயனி நல்ல மரம், தண்ணீரில் நெடுநாள் உழைக்கும். ஆனால் ஏழு வருட வெயில் பலகையைச் சுருக்கியிருக்கும். எடுத்தவுடன் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். முதலில் பேனாக்கத்தியின் முனையால் அடிப்பலகை முழுக்கக் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கும் இடம் உளுத்துவிட்டது, அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். பிறகு ஆற்றில் கல் ஏற்றி மூன்று நான்கு நாள் முக்கால் முழுக்கப் போட்டு வையுங்கள். மரம் ஊறி, பாதி விரிசல் தானாகவே மூடும். மூடாததைத்தான் தேங்காய் நாரும், எண்ணெயில் உருக்கிய குங்கிலியமும் வைத்து அடைக்க வேண்டும். நிழலில் உலர்த்தி, வெளிப்பக்கம் கொல்லாங்கொட்டை (முந்திரிக்கொட்டை) தோட்டு எண்ணெய் இரண்டு கை பூசுங்கள். நம் மாவட்டத்து அண்டி ஆபீஸ்களில் (முந்திரி ஆலைகளில்) கேட்டால் கிடைக்கும். அது தோலைப் பொசுக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இந்த வேலைக்குக் கார்த்திகை மாதம் முழுக்க ஒதுக்குங்கள். வள்ளம் கட்டும் பழைய ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து ஒருமுறை காட்டினால், நான் தூரத்திலிருந்து எழுதும் இந்தப் பத்தி முழுவதையும்விட அது பெரிய உதவி.

அதன்பின் ஒத்திகை. பயணத்தில் ஏற்றப்போகும் எடைக்குச் சமமாகத் தண்ணீர் கேன்களை ஏற்றி, ஆறு ஓய்ந்த நாளில் துடுப்புப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கும் வள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சாமானை இறக்குங்கள். பிறகு வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கரையில் நீச்சல் தெரிந்த ஒருவரை நிறுத்திவைத்து, கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டே கரை சேரவும், தண்ணீரை இறைத்து மறுபடி ஏறவும் பழகுங்கள். சப்பாத்துத் தரைப்பாலத்துக்குப் பக்கத்தில் இதைச் செய்ய வேண்டாம், அங்கே சுழல் உண்டு. பத்து முறை செய்தால் பயம் போகும். கவிழ்ந்தவர் வள்ளத்தை விட்டுவிட்டு நீந்தப் போவதுதான் நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

உங்கள் தொழில் இதில் கைகொடுக்கும். விடியுமுன் எழுந்து தலைவிளக்கோடு மரம் மரமாக நடப்பவர் நீங்கள். காயலிலும் அதுதான் நேரம். ஐந்தரைக்கு இறங்கி, பத்தரைக்குள் கரை ஏறிவிடுங்கள். அதற்குப் பிறகு கடற்காற்று எழும். வேம்பநாட்டில் மதியத்துக்கு மேல் காற்று பிடித்தால் சின்ன வள்ளம் நகராது, தண்ணீரும் உள்ளே தெறிக்கும். பாரத்தோடு மணிக்கு மூன்றரை, நான்கு கிலோமீட்டர் போகலாம். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்தால் பன்னிரண்டு நாள், ஓய்வும் காற்று நாளும் சேர்த்து மூன்று வாரம்.

வழியில் மூன்று இடம் கவனம். நீண்டகரை, காயங்குளம், கொச்சி ஆகிய பொழிகளின் பக்கம் தண்ணீர் வற்றும் நேரத்தில் போகாதீர்கள். இழுவை கடலை நோக்கி இருக்கும். குச்சி நட்டுக் கட்டிய வலைகளும் அந்த நேரத்தில்தான் வாய் திறந்து நிற்கும். எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று படகுக் கடவில் இருக்கும் மீன்காரரிடம் கேட்டால் சொல்வார். தண்ணீர்முக்கம் தடுப்பை, குட்டநாட்டு வயலில் உப்புநீர் ஏறாமலிருக்க டிசம்பர் நடுவில் அடைப்பது வழக்கம். படகுகள் கடக்கத் தனி மடைவாசல் உண்டு, அங்குள்ள ஊழியரிடம் கேட்டுக் கடந்து போங்கள். கொச்சியில் கப்பல் பாதைக்குள் நுழையவே வேண்டாம். வேறு துடுப்புவள்ளம் எந்தப் பக்கம் போகிறதோ அதன் பின்னால் போங்கள்.

சாமான் குறைவாக இருக்கட்டும். குடிதண்ணீர் நாளொன்றுக்கு நான்கு லிட்டர், ஏனென்றால் சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் உப்பு. திருகுமூடி டிரம் இரண்டு, மாற்றுத் துடுப்பு ஒன்று, 15 மீட்டர் கயிறு, தண்ணீர் இறைக்க வெட்டிய கேன், விசில், கொசுவலை, தார்ப்பாய், சின்ன ஸ்டவ். அவல், பயறு, உலர்ந்த மரச்சீனி, கருவாடு போதும், மற்றதைக் கரையில் வாங்கலாம். கால் வெடிப்போடும் காயத்தோடும் சேற்றில் இறங்காதீர்கள், அந்தப் பக்கம் எலிக்காய்ச்சல் அதிகம். கிளம்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயணத்தைச் சொல்லி, டாக்சிசைக்ளின் மாத்திரை வேண்டுமா என்று கேளுங்கள்.

இரவு வள்ளத்தில் படுக்க வேண்டாம். மாலைக்குள் கோயில் நடை, பள்ளி முற்றம், படகுத்துறை எதுவானாலும் அங்கிருப்பவரிடம் கேட்டுப் படுங்கள். தெரியாத ஊரில் தனியாகத் திரிபவரைச் சந்தேகப்படுவார்கள். ஆதார் நகலைக் காட்டி, எங்கிருந்து எங்கே போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் சோறும் கிடைக்கும். தினமும் இருட்டுவதற்குள் ஊரில் ஒருவருக்குப் போன் செய்து இடத்தைச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறினால் 112-க்கு அழைக்க வேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள்.

மனசு ஆறும் என்று எழுதியிருந்தீர்கள். ஆறும், நான் கண்டிருக்கிறேன். ஆனால் முதல் நான்கைந்து நாள் துக்கம் கூடுதலாகத் தெரியும், பேச ஆள் இல்லாததால். அப்போது பயணம் தப்பு என்று முடிவு கட்டாமல் ஒரு கடவில் இரண்டு நாள் தங்குங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால், வள்ளத்தை அங்கேயே ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டு ரயிலேறுங்கள். அந்த 25,000 இருப்பதால் அது உங்களால் முடியும்.

தையல் மிஷினை விற்காதீர்கள். ரோலர் புரையில் வைக்கலாம், ஆனால் ஷீட் உறைய ஊற்றும் ஆசிட்டின் ஆவி படாத அறையாக இருக்க வேண்டும், இரும்பு துருவேறிவிடும். வைப்பதற்கு முன் ஊசியையும் பாபினையும் கழற்றி, எண்ணெய்த் துளைகளில் எல்லாம் மிஷின் எண்ணெய் விட்டுச் சக்கரத்தைச் சிறிது நேரம் சுற்றுங்கள். தோல் பெல்ட்டைக் கழற்றி டப்பாவில் போடுங்கள், எலி முதலில் கடிப்பது அதைத்தான். மேலே அம்மாவின் பழைய பருத்திச் சேலை ஒன்றைச் சுற்றி, அதற்கு மேல் தார்ப்பாய் போட்டு, தரையில் படாமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள்.