ஸ்பில்வேயில் வைத்த கல்லை முதலில் எடுங்கள்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் ஸ்டாங்கர் பக்கம் எங்களுக்குக் கரும்பும் கொஞ்சம் காய்கறியும். 1960களில் தாத்தா புல்டோசர் விட்டுப் போட்ட மண் அணை ஒன்று இருக்கிறது, கரை உயரம் 7 மீட்டர். கரையின் வெளிப்பக்க அடியில் ஓரிடம் எப்போதும் ஈரம். கரைமேல் கம் (யூக்கலிப்டஸ்) மரங்களும் வளர்ந்துவிட்டன. ஈரத்தின் மேல் களிமண் கொட்டி அடைக்கலாமா? மரங்களை வெட்டலாமா? தண்ணீர் பற்றாததால் போன வருடம் ஸ்பில்வேயில், அதாவது மிகுதி நீர் வழிந்தோடும் பாதையில், இரண்டு வரிசை சிமெண்ட் கல் வைத்தோம். அணைக்குக் கீழே 400 மீட்டரில் வேலையாட்களின் நாலு வீடுகள் உள்ளன.

பதில்: தம்பி, நீங்கள் கேட்டது ஈரத்தையும் மரத்தையும் பற்றி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்தச் சிமெண்ட் கல்தான். அக்டோபரில் மழை தொடங்கும் முன்னே அதைப் பெயர்த்து எடுத்துவிடுங்கள்.

ஏன் என்றால், மண் கரை தன் தலைமேல் தண்ணீர் ஓடினால் தாங்காது. வெளிச்சரிவு அரிக்க ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் கரையே போய்விடும். அதைத் தடுக்கத்தான் ஸ்பில்வே, நம் பாட்டன் ஊர் ஏரியில் கலிங்கு என்பார்களே, அதே சங்கதி. ஸ்பில்வே தரைக்கும் கரை உச்சிக்கும் 1 மீட்டர் இடைவெளி இருந்தது என்று வையுங்கள். இரண்டு வரிசைக் கல் என்றால் 40 சென்டிமீட்டர் போச்சு, மீதி 60. போகிற வெள்ளமும் அதே கணக்கில்தான் குறையும் என்று நினைக்காதீர்கள், பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 2022 ஏப்ரலில் டர்பன் பக்கம் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படி ஒரு மழை உங்கள் ஓடையில் இறங்கினால் அந்த 60 எந்த மூலைக்கு? ஸ்பில்வேயில் முளைத்த புதர், மாடு நுழையாமல் இருக்கக் கட்டிய கம்பிவேலி, எல்லாவற்றையும் எடுங்கள். வேலியில் கரும்புச் சோகை சிக்கினால் அதுவே ஒரு சுவர்.

இப்போது ஈரத்துக்கு வருவோம். குளிர்காலத்தில் சுற்றிலும் புல் காய்ந்து கிடக்க, கரை அடியில் மட்டும் கிக்குயு புல் பச்சைப் பசேல் என்று நின்றால் அங்கே கசிவு என்று அர்த்தம். மண் அணை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணீரா, கலங்கிய தண்ணீரா என்பதுதான் கேள்வி. ஒரு ஜாம் ஜாடியில் கசிவு நீரைப் பிடித்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்திருந்தால், தண்ணீர் கரையின் உள்மண்ணைச் சுமந்துகொண்டு வருகிறது, உள்ளே குழாய் மாதிரி ஒரு வழி அரித்துக்கொண்டிருக்கிறது. தெளிவாக இருந்தாலும் சும்மா விடாதீர்கள், ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று வாராவாரம் குறித்துவையுங்கள். அணை மட்டம் ஏறாமலே கசிவு கூடினால் ஆபத்து.

கரை மண்ணில் ஒரு சிறு கட்டியையும் மழைநீர் உள்ள கண்ணாடி டம்ளரில் போட்டுப் பாருங்கள். சும்மா உதிர்ந்து கிடந்தால் பரவாயில்லை. பால் ஊற்றியது போல் நீர் கலங்கிப் பரவினால் அது தண்ணீரில் கரைந்தோடும் மண், சின்னக் கசிவையும் சீக்கிரம் ஓட்டையாக்கிவிடும்.

களிமண் கொட்டி அடைப்பது மட்டும் கூடவே கூடாது. வெளிப்பக்கத்தை அடைத்தால் நீர் உள்ளேயே தேங்கிக் கரையை ஊறவைக்கும், அப்புறம் வேறு இடத்தில் பீறிடும். அவசரத்துக்கு முதலில் பெருமணல், அதன்மேல் ஜல்லி என்று போடுங்கள், தண்ணீர் வெளியேறும், மண் நிற்கும்.

மரம். மணிக்கட்டு அளவுக்கும் மெலிந்த கன்றுகளை வேரோடு பிடுங்கிக் குழியை இடித்து நிரப்பிவிடலாம். பெரிய கம் மரத்தை வெட்டி அடியை விட்டுவிட்டால் சில வருடத்தில் வேர் மக்கி, அதே பாதையில் தண்ணீர் போகும். அணை நிறைந்திருக்கும்போது தோண்டவும் கூடாது. மட்டத்தை இறக்கிவிட்டு, பொறியாளர் சொன்னபடி எடுங்கள். இறக்கும்போதும் ஒரு நாளைக்கு ஓர் அடிக்கு மேல் வேண்டாம், வேகமாக இறக்கினால் ஈரக் கனத்தில் உட்சரிவு சரிந்து விழும். பழைய வால்வு துருப்பிடித்திருந்தால் முறுக்கி உடைக்காமல் பாலி பைப்பில் சைஃபன் போட்டுக் கரைக்கு மேலாகத் தண்ணீரை இழுத்து வெளியே விடுங்கள்.

சட்டமும் உண்டு. 1998ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டப்படி கரை 5 மீட்டருக்கு மேலும் கொள்ளளவு 50,000 கன மீட்டருக்கு மேலும் இருந்தால் அணையைப் பதிவு செய்தாக வேண்டும். உயரத்தில் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். கொள்ளளவுக்கு, கரையோரத் தண்ணீரின் அகலம், அது பின்னால் போகும் நீளம், அதிக ஆழம் மூன்றையும் பெருக்கி ஆறால் வகுங்கள். 110 மீட்டர், 300 மீட்டர், 6 மீட்டர் என்றால் 33,000. இது கைக்கணக்குதான், எல்லைக்குக் கிட்ட வந்தால் முறையாக அளக்கச் சொல்லுங்கள். கணக்குக்குக் கீழே இருந்தாலும் ஆபத்தான அணை என்று அமைச்சர் அறிவிக்கலாம். அதோடு 33,000 கன மீட்டர் என்றால் 33,000 டன், முப்பது டன் கரும்பு லாரி ஆயிரத்து நூறு. அந்த நாலு வீட்டுக்கு மேலே நிற்பது அதுதான்.

அந்த வீட்டுக்காரர்களின் செல்போன் எண்களை இன்றே வாங்கி வையுங்கள். இரவில் கரையில் விரிசலோ சேற்று ஊற்றோ கண்டால் முதல் போன் அவர்களுக்கு, அடுத்தது நகராட்சியின் பேரிடர் பிரிவுக்கு.

ஜாடித் தண்ணீர் காலையில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். மண் படிந்திருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், அணைப் பொறியாளர் ஒருவரை நேரே கூப்பிடுங்கள்.