பிடிஎஃப் கெட்டுப்போகல, சாவி தான் வரல

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரி லேப்ல வேலை பாக்குறேன். கூழுக்கு பிரிக்ஸ் (அதுல கரைஞ்சிருக்கிற சர்க்கரை அளவு) பாக்குற முறைக்காக ஐஎஸ்ஓ 2173 ஸ்டாண்டர்டை ஆன்லைன்ல காசு கட்டி வாங்கினோம். க்ரோம்ல திறந்தா எரர், அடோபி ரீடர்ல திறந்தா 'செக்யூரிட்டி ஹேண்ட்லர் இல்ல, பிளகின் வேணும்'னு இங்கிலீஷ்ல ஒரு பாக்ஸ். மூணு தடவ டவுன்லோட் பண்ணிட்டேன், அதே கதை. நான் தான் ஃபைலை கெடுத்துட்டேன்னு மேனேஜர் சொல்றாரு. கெட்டுப்போச்சா சார்?
(வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: கெடலம்மா, மேனேஜர் கிட்ட தைரியமா சொல்லுங்க. முப்பது தடவ டவுன்லோட் பண்ணாலும் அதே பாக்ஸ் தான் வரும்.

சாதாரணமா பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்னா பூட்டை திறக்க வேண்டிய விஷயம் எல்லாம் ஃபைலுக்குள்ளயே இருக்கும், பாஸ்வேர்டு அடிச்சா எந்த ரீடரும் திறந்துடும். நீங்க வாங்கினது அப்படி இல்ல, அதோட சாவி வித்தவங்க சர்வர்ல இருக்கு. ரேஷன் கடையில அரிசி மூட்டை கண்ணு முன்னாடி தான் இருக்கு, ஆனா விரல் வச்சு மெஷின் ஓகே சொன்னா தான் அளந்து போடுவாங்க, சர்வர் டவுன்னா மூட்டையை பாத்துட்டு வீட்டுக்கு வர வேண்டியது தான், அதே கணக்கு. அந்த விரல் வைக்கிற மெஷின் தான் இங்க பிளகின். ரீடருக்குள்ள உக்காந்துகிட்டு 'இந்த ஆளு, இந்த கம்ப்யூட்டர், திறக்கலாமா'னு சர்வரை கேட்டு சாவியை வாங்கிட்டு வரும். க்ரோம், எட்ஜ்ல இருக்கிற பிடிஎஃப் வியூவருக்கு இந்த மாதிரி ஆளே கிடையாது, அதனால அங்க முயற்சி பண்றதே வேஸ்ட்.

எந்த பிளகின்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. ஃபைலை ஒரு காப்பி எடுத்து நோட்பேட்ல திறங்க, கன்னாபின்னானு எழுத்தா வரும், பயப்படாதீங்க. ஃபைண்ட்ல 'என்க்ரிப்ட்'ங்கிற இங்கிலீஷ் வார்த்தையை போட்டு தேடுங்க, பெரும்பாலும் அது பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பரோட 'ஓபிஜே' (obj)னு ஆரம்பிக்கிற இடத்தை தேடி, அங்க 'ஃபில்டர்'னு எழுதி பக்கத்துல என்ன இருக்குனு பாருங்க. 'ஸ்டாண்டர்ட்'னு இருந்தா வெறும் பாஸ்வேர்டு பூட்டு, பிளகினே தேவையில்ல. எஃப் ஓ பி என்னு ஆரம்பிச்சா ஃபைல்ஓப்பன் கம்பெனியோட பூட்டு, நீங்க சொல்ற அறிகுறிக்கு பெரும்பாலும் இது தான் இருக்கும். ஈபிஎக்ஸ் ஹேண்ட்லர்னு இருந்தா அது ஈபுக் கேஸ், அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ்னு தனி சாஃப்ட்வேர் வேணும்.

ஃபைல்ஓப்பன் பிளகினுக்கு காசு கிடையாது. கூகுள்ல தேடி முதல்ல வர்ற லிங்கை அமுக்காதீங்க, வித்தவங்க அனுப்பின மெயில்லயே லிங்க் இருக்கும், இல்லனா ஃபைல்ஓப்பனோட சொந்த சைட். அடோபி ரீடரை முழுசா மூடிட்டு இன்ஸ்டால் பண்ணணும், அட்மின் பாஸ்வேர்டு கேக்கும், அது உங்க ஐடி ஆள் கிட்ட தான் இருக்கும், அவரை பக்கத்துல உக்கார வச்சுக்கோங்க. முக்கியமா ரீடர் 32 பிட்டா 64 பிட்டானு ஹெல்ப் மெனுவுல அபவுட் போய் பாத்துடுங்க, ஏன்னா 2021க்கு அப்புறம் அடோபி 64 பிட்டுக்கு மாறிடுச்சு, பழைய பிளகினை போட்டா இன்ஸ்டால் ஆன மாதிரியே இருக்கும் ஆனா ரீடர் அதை கண்டுக்கவே கண்டுக்காது. அதுக்கு அப்புறமும் அடம் பிடிச்சா கன்ட்ரோல் கே அமுக்கி ப்ரிஃபரன்சஸ்ல ஜெனரல் போய் 'யூஸ் ஒன்லி சர்ட்டிஃபைடு பிளகின்ஸ்' டிக் ஆகியிருக்கானு பாருங்க, இருந்தா எடுத்துடுங்க. அடுத்து செக்யூரிட்டி பக்கத்துல ப்ரொடெக்டட் மோடு. அதை டெஸ்ட்டுக்கு மட்டும் ஆஃப் பண்ணி பாத்துட்டு திரும்ப ஆன் பண்ணிடணும், அது 2010ல ரீடர் பத்தாவது வெர்ஷன்ல இருந்து வர்ற பாதுகாப்பு, மெயில்ல வர்ற கண்ட பிடிஎஃப்பையும் திறக்கிற ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அது இல்லாம இருக்கக்கூடாது.

இன்னொன்னு, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. லேப் கம்ப்யூட்டர் பழசா? டாஸ்க்பார்ல தேதியை பாருங்க. மதர்போர்டுல இருக்கிற காசு சைஸ் பேட்டரி செத்துப்போச்சுன்னா ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், அப்போ சர்வரோட பேச்சே நடக்காது, நீங்க பிளகினை மாத்தி மாத்தி போட்டு உயிரை விடுவீங்க. தர்மபுரியில எங்க கடைக்கு பிளகின் பிரச்சனைனு வந்த ஒரு சிஸ்டத்துல மூணு மணி நேரம் போராடி கடைசியில அந்த பேட்டரியை மாத்தி அனுப்பினேன்.

அதை விட பெரிய கூத்து ஒன்னு நான் பண்ணியிருக்கேன். கஸ்டமர் ஒருத்தர் இதே மாதிரி ஒரு ஸ்டாண்டர்டை பென்டிரைவ்ல கொண்டு வந்தாரு, 'சும்மா திறக்குதானு பாப்போம்'னு என் கடை கம்ப்யூட்டர்ல பிளகின் போட்டு திறந்தேன், அழகா திறந்துச்சு, டீ வாங்கி குடிச்சோம். அவரு ஃபேக்டரிக்கு போய் திறந்தா 'லிமிட் முடிஞ்சுது'னு வருது. ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு தான் லைசென்ஸ், அந்த ஒன்னு என் கடையில போச்சு. வித்தவங்களுக்கு மெயில் மேல மெயில் போட்டு ரீசெட் பண்ணி வாங்க ஒன்பது நாள் ஆச்சு, அதுவரைக்கும் அவரு போன் வந்தாலே எனக்கு வயித்த கலக்கும். அதனால முதல் தடவ திறக்கிறதை தினமும் எந்த சிஸ்டத்துல பாக்கப்போறீங்களோ அதுலயே பண்ணுங்க.

பிரிண்டும் அப்படி தான், சிலதுல ஒரு தடவ மட்டும் தான் அனுமதி. பேப்பர் சிக்கினாலும் அது கணக்குல போயிடும், டோனர் பாத்துட்டு பிரிண்ட் குடுங்க. பிரிண்ட் டு பிடிஎஃப் போட்டு தப்பிக்கலாம்னு நினைக்காதீங்க, பிளகின் அதையும் தடுத்துடும். சீசன்ல பெங்களூரா மாங்காய் லாரி கேட்டுல நிக்கும்போது இந்த வேலை வேண்டாம், ஒரு ஞாயித்துக்கிழமை முடிச்சுடுங்க.

கேள்வி: ஆதார் பிடிஎஃப் டவுன்லோட் பண்ணேன், திறக்கல. பிளகின் போடணும்னு ஒரு சைட்ல வந்துச்சு, போடலாமா?
(வாசகர், பாலக்கோடு)

பதில்: வேண்டவே வேண்டாம், அந்த சைட்டை மூடுங்க. ஆதார் பிடிஎஃப் வெறும் பாஸ்வேர்டு பூட்டு தான். உங்க பேர்ல முதல் நாலு இங்கிலீஷ் எழுத்து கேபிட்டல்ல, கூடவே பிறந்த வருஷம் நாலு நம்பர், நடுவுல இடம் விடாம. ஆதார்ல பேர் எப்படி இருக்கோ அப்படியே தான் எடுத்துக்கணும், இனிஷியல் முன்னாடி இருந்தா அதையும் சேர்த்து. ஏற்கனவே அந்த 'பிளகினை' போட்டுட்டீங்கன்னா முதல்ல அதை தூக்குங்க, வேற சுத்தமான போன்ல இருந்து பேங்க் பாஸ்வேர்டை மாத்துங்க.

கேள்வி: பூட்டை உடைக்கிற சாஃப்ட்வேர் இருக்காமே, லிங்க் குடுங்க அண்ணா.
(தம்பி ஒருத்தர், ஓசூர்)

பதில்: தர மாட்டேன் தம்பி. 2012ல காப்பிரைட் சட்டத்துல 65ஏ பிரிவு சேர்த்தாங்க, உரிமையை மீறணும்னு இந்த மாதிரி பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதமும் இருக்கு. காசு தான் பிரச்சனைனா உங்களுக்கு வேண்டிய ஸ்டாண்டர்டுக்கு இணையா இந்திய ஸ்டாண்டர்டு இருக்கானு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) சைட்ல தேடுங்க, பலதை ரெஜிஸ்டர் பண்ணிட்டு இலவசமாவே எடுத்துக்கலாம்.