மடத்துக்குள் சூழ்ச்சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சாமுராய் கால ஜப்பானில், ஒரு பௌத்த மடத்துக்குள் நடக்கும் சூழ்ச்சியை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். சுரங்கம், நிஞ்ஜா, விஷம் எல்லாம் இருக்கிறது. ஆனால் மடத்தை எடுத்துவிட்டு ஒரு கோட்டையை வைத்தாலும் கதை அப்படியே நடக்கும் போலிருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

கே.

அன்புள்ள கே.,

சரியான இடத்தில்தான் உறுத்தியிருக்கிறது. 1582இல் ஹொன்னோஜி ஆலயத்தில் தங்கியிருந்த படைத்தலைவர் நொபுநாகாவை அவருடைய தளபதியே, அகெச்சி மிட்சுஹிதே, சுற்றி வளைத்தாரே, அதில்கூட ஆலயம் வெறும் தங்குமிடம்தான்.

மடத்துக்கென்று தனியாக இருந்த பலம் எழுத்து. பழஞ்சீனத்தில் தேர்ந்தவர்கள் ஜென் துறவிகள். அதனால் பிரபுக்களின் கடிதங்களும் சட்டங்களும் அவர்கள் கையால் வந்தன. நான்சென்ஜி மடத்துச் சூடென், நாட்டின் ஆட்சியைப் பிடித்த தொகுகவா இயேயாசுவுக்கு அப்படி எழுதிக்கொடுத்தவர்.

இப்போது 1614க்கு வாருங்கள். கியோட்டோவின் ஹோகோஜி ஆலயத்துக்கு, இயேயாசுவின் போட்டிக் குலமான தொயோதோமியின் தலைவர் ஹிதெயோரி 80 டன்னுக்கும் மேல் எடையுள்ள காண்டாமணி ஒன்றை வார்க்கிறார். அதில் பொறிக்க வாசகம் எழுதியவர் செய்கான் என்ற துறவி. அவரும் நான்சென்ஜியோடு தொடர்புடையவர்தான். ‘நாடு அமைதியாக, நலமாக இருக்கட்டும்’ என்று நான்கு சீன எழுத்து. அதில் இயேயாசுவின் பெயரெழுத்துகளான ‘இயே’வுக்கும் ‘யாசு’வுக்கும் நடுவே ‘அமைதி’ வந்து உட்கார்ந்திருந்தது. பெயரை இரண்டாக வெட்டிவிட்டார்கள், இது சாபம் என்றது தொகுகவா தரப்பு. அதே வாசகத்தின் இன்னொரு நான்கெழுத்தில் தொயோதோமியின் இரண்டு எழுத்துகளும் முன்பின்னாக, ஆனால் ஒட்டியே நின்றன. கேட்க வேண்டுமா!

வாழ்த்தாகத்தான் பெயரைப் பொதிந்தேன் என்றார் செய்கான். எனக்கு அது உண்மை என்றே படுகிறது. அப்புறம் கியோட்டோவின் பெரிய ஜென் மடத்துத் துறவிகளிடம் கருத்துக் கேட்டார்கள். பெரும்பாலோர் அந்தப் பெயரை அப்படி எழுதியது முறையல்ல என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் ஹிதெயோரியின் ஒசாகா கோட்டையை இயேயாசு முற்றுகையிட்டார். அடுத்த கோடையில் கோட்டை விழுந்தது, ஹிதெயோரி இறந்தார்.

உங்கள் நாவல் அந்தக் கருத்தெழுதிய அறைக்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன். தூரிகையும் மையும் முன்னால். செய்கானின் புலமையை நன்கு அறிந்த ஒருவர், யாருக்கு எந்தப் பதில் வேண்டும் என்பதையும் அறிந்தே உட்கார்ந்திருக்கிறார். இதைக் கோட்டைக்கு மாற்ற முடியாது. நிஞ்ஜாவைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

மணி இன்றும் கியோட்டோவில் தொங்குகிறது. அந்த எழுத்துகளை மட்டும் வெள்ளையில் காட்டியிருக்கிறார்கள். எழுத உட்காரும் முன் அதன் படத்தை ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்.