ஹாட்யாய் போய்த் திரும்பினால் புதிதாக 30 நாளா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கும் மலேசியக் குடிமகன் நான். மனைவிக்குத் தஞ்சாவூர், இந்தியக் கடப்பிதழ். ஊரில் கல்யாணம் முடிந்து, இங்கே தேசியப் பதிவிலாகாவிலும் பதிந்துவிட்டோம். விசா இல்லாமல் வரும் 30 நாள் சலுகையில் இரண்டாவது தடவையாக வந்திருக்கிறார். இன்னும் 12 நாள் பாக்கி. "தாய்லாந்தில் ஹாட்யாய் போய்த் திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்கும், 900 ரிங்கிட் கொடுங்கள், கவுண்டரில் நான் பேசி வைக்கிறேன்" என்கிறார் ஒரு ஏஜெண்டு. கணவரோடு சேர்ந்து மலேசியர் வரிசையில் போனால் ஒன்றும் கேட்க மாட்டார்களாம். போகலாமா?

பதில்: போகாதீர்கள். ஏஜெண்டுக்கு ஒரு ரிங்கிட்கூடக் கொடுக்காதீர்கள். கையில் இருக்கும் 12 நாளை வேறு வேலைக்குச் செலவிட வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். எல்லைக் கவுண்டரில் நீங்கள் இருவரும் ஒரு குடும்பமாக நிற்கலாம்; அதிகாரியின் திரையில் நீங்கள் இரண்டு தனி ஆட்கள். குடிமகனான உங்களை நாட்டுக்குள் விடாமல் திருப்ப முடியாது. அந்த உரிமை உங்களோடு நின்றுவிடுகிறது, மனைவிக்குத் தொற்றிக்கொள்வதில்லை. திருமணச் சான்றிதழ் உறவை நிரூபிக்கும், நுழையும் அனுமதியாகாது. அவருடைய கடப்பிதழில் என்ன அனுமதி இருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு.

அந்த 30 நாள் சலுகை 2023 டிசம்பர் 1-இல் தொடங்கியது. 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அது சுற்றிப் பார்க்க, உறவினரைப் பார்க்க வருகிறவர்களுக்கானது, குடியிருக்க அல்ல. வெளியே போய் இத்தனை நாள் கழித்துத்தான் திரும்ப வேண்டும் என்று பயணிக்குப் புரியும்படி ஒரு கணக்கை எங்கும் எழுதி வைக்கவில்லை. கவுண்டரில் இருப்பவரின் மதிப்பீட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஏஜெண்டுகள் பிழைப்பது இந்த ஓட்டையில்தான். நிச்சயமில்லாத ஒன்றை நிச்சயம் என்று விற்கிறார்கள்; அனுமதி கிடைத்தால் தன்னால் என்பார், கிடைக்காவிட்டால் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

அதிகாரி கடப்பிதழைப் புரட்டினால் தெரிவது இதுதான்: முதல் 30 நாள், அதை ஒட்டி இன்னொரு 30 நாள், இப்போது காலையில் வெளியேறி மாலையில் மூன்றாவது தடவை. "எங்கே தங்குகிறீர்கள்?" என்று கேட்பார். "கணவர் வீட்டில்" என்பார் உங்கள் மனைவி. அந்தப் பதில் பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். அதிகாரிக்கு அதுவே அடுத்த கேள்வியைத் தருகிறது: கணவர் வீடு இங்கே என்றால் வாழ்க்கைத் துணைக்கான பாஸ் ஏன் எடுக்கவில்லை?

அங்கே மறுத்தால் நிலைமை மோசம். புக்கிட் காயு ஹீத்தாம், பாடாங் பெசார் எல்லைச் சாவடிகளில் ஏதோ ஒன்றில் அவருக்கு மலேசியாவை விட்டு வெளியேறிய முத்திரை ஏற்கெனவே விழுந்திருக்கும். வீட்டுச் சாமான், துணிமணி எல்லாம் பட்டர்வொர்த்தில். அவர் கைப்பையோடு தாய்லாந்துப் பக்கம். அங்கிருந்தே இந்தியாவுக்கு டிக்கெட் தேட வேண்டும். விமான நிலையத்தில் மறுத்தால் 'நாட் டு லேண்ட்' (இறங்க அனுமதியில்லை) என்று எழுதி, ஏற்றி வந்த விமான நிறுவனத்திடமே திருப்பி ஒப்படைப்பார்கள். அந்தப் பதிவு கணினியில் இருக்கும். பிறகு பாஸுக்கு விண்ணப்பிக்கும்போது அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

'கவுண்டரில் பேசி வைக்கிறேன்' என்ற பேச்சை இன்னும் கடுமையாகப் பாருங்கள். இதற்குப் பெயர் கவுண்டர் செட்டிங். குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட கவுண்டர், கேள்வி இல்லாமல் முத்திரை. இந்த வேலைக்காக அதிகாரிகளே கைதாகியிருக்கிறார்கள். இன்னொரு வகை, ஆள் போகாமலே கடப்பிதழ் மட்டும் எல்லைக்குப் போய் முத்திரையோடு திரும்புவது. 'பறக்கும் பாஸ்போர்ட்' என்பார்கள். "உங்கள் மனைவி வீட்டிலேயே இருக்கட்டும், கடப்பிதழை மட்டும் கொடுங்கள்" என்று யார் கேட்டாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். முத்திரை உண்மையானதாகவே இருந்தாலும் பயணம் பொய். போலி முத்திரை என்றால் கணினியில் அந்தப் பயணமே இருக்காது. அவர் அனுமதி முடிந்தும் தங்கியவர் ஆகிவிடுவார். குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் அதற்கு அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ உண்டு. கேஸ் மனைவி மேல், ஏஜெண்டு மேல் அல்ல.

இன்னொரு விஷயமும் ஏஜெண்டுகள் சொல்வதில்லை. 2025 தொடக்கத்திலிருந்து நுழைவாயில்களைப் பார்த்துக்கொள்வது ஏகேபிஎஸ் என்னும் எல்லைக் கட்டுப்பாடு, பாதுகாப்பு நிறுவனம். பாஸ் கொடுப்பது குடிநுழைவுத் துறை. "ஆபீஸில் எனக்கு ஆள் இருக்கிறது" என்றால், அந்த ஆள் கவுண்டரில் இல்லை.

நாளைக் காலையில் செய்ய வேண்டியது, பினாங்கு குடிநுழைவுத் துறை அலுவலகத்துக்கு இருவரும் சேர்ந்து போவது. மலேசியர் ஒருவரின் கணவன் அல்லது மனைவிக்கான நீண்ட கால சமூக வருகைப் பாஸுக்கு விண்ணப்பம் கேளுங்கள். குடிமகனான துணையும் நேரில் வந்தாக வேண்டும். மனைவியை அண்ணனோடு அனுப்பிவிட்டு நீங்கள் வேலைக்குப் போனால் வீண் அலைச்சல். கடைசி இரண்டு நாள்வரை காத்திருக்காதீர்கள். எந்த விண்ணப்பத்துக்கும் கையில் இருக்கும் அனுமதி உயிரோடு இருப்பது முக்கியம். வந்து இறங்கிய நாளையே முதல் நாளாக எண்ணுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: இருவரின் கடப்பிதழ், மனைவியுடையதில் எல்லாப் பக்கங்களின் நகல், உங்கள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், தேசியப் பதிவிலாகாவின் திருமணச் சான்றிதழ், கல்யாணப் படங்கள் சில, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) அறிக்கை, மனைவியின் கடப்பிதழ் அளவுப் படங்கள். அசலும் வேண்டும், நகலும் வேண்டும். படிவங்களும், நீங்கள் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் உறுதிப் பத்திரமும் அங்கே சொல்வார்கள். பத்திரத்துக்கு 10 ரிங்கிட் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பாஸ் கட்டணம் ஆண்டுக்கு 90 ரிங்கிட், விசாக் கட்டணம் தனி. ஏஜெண்டு கேட்கும் 900-ஐ இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு கவுண்டரில் ஏற்ற பட்டியலை அடுத்த கவுண்டரில் ஏற்க மறுப்பது நடக்கும். இணையத்தில் ஒன்று, சுவரில் ஒன்று, வாயில் ஒன்று. முறையாகக் கல்யாணம் செய்து முறையாகப் பதிந்த குடும்பம், அரை நாள் சம்பளத்தை விட்டு மூன்று தடவை நடக்க வேண்டியிருக்கிறது. ஒரே தாளில் ஒரே பட்டியலை எல்லா மாநில அலுவலகத்திலும் ஒட்டி வைப்பது இந்த நாட்டுக்குப் பெரிய காரியமே இல்லை. அதைச் செய்யாதவரை ஏஜெண்டு கடைகளுக்குக் கூட்டம் குறையாது. உங்களால் முடிந்தது: என்ன குறை என்று சொல்கிறார்களோ அதை எழுதித் தரச் சொல்லுங்கள், தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது 'பாஸ் காஸ்' என்னும் சிறப்புப் பாஸ் ஒட்டினால் எச்சரிக்கை. அது உள்ளே இருப்பதற்கான அனுமதி. வெளியே போய்த் திரும்புவதற்கானது அல்ல. ஊரில் காது குத்து என்றாலும் முதலில் அலுவலகத்தில் கேட்காமல் டிக்கெட் போடக் கூடாது.

இனி வரிசை. எந்த வரிசையில் நின்றாலும் அதிகாரி பார்ப்பது அவரவர் கடப்பிதழைத்தான். பாஸ் கிடைத்த பிறகும் மனைவி எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும் என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அவரோடு அந்த வரிசையில் நிற்கலாம், நில்லுங்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தில் பலர் செய்வது என்னவென்றால், கணவர் தானியங்கிக் கதவில் அரை நிமிடத்தில் கடந்து பெட்டி எடுக்கப் போய்விடுகிறார்; மனைவி தனியாக நின்று, மலாயில் கேட்ட கேள்விக்குத் திணறுகிறார். கடந்து போனவர் திரும்பி வர முடியாது. திருமணச் சான்றிதழ், பாஸ் கடிதம், உங்கள் அடையாள அட்டை நகல் மூன்றும் மனைவியின் கைப்பையில் இருக்கட்டும், உங்கள் பெட்டியில் அல்ல. கேட்டதற்கு மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். கணவரோடு வாழ வருகிறவர் "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது பெரிய முட்டாள்தனம்.

கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் முத்திரையைப் பாருங்கள்: தேதி சரியா, எத்தனை நாள் போட்டிருக்கிறது. பாஸ் வைத்திருப்பவருக்குத் தவறுதலாக 30 நாள் முத்திரை விழுந்தால் அங்கேயே பாஸ் பக்கத்தைத் திறந்து காட்டித் திருத்தக் கேளுங்கள். தரைவழி எல்லையில் காருக்குள் இருந்தபடியே கடப்பிதழை நீட்டுகிறவர்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

மின்னியல் வருகை அட்டை, அதாவது எம்டிஏசி, வருவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். விமானம், தரை இரண்டுக்கும் உண்டு. அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல; முகவரி குடிநுழைவுத் துறையுடையதா என்று பார்த்துத்தான் விவரம் கொடுக்க வேண்டும். நீண்ட காலப் பாஸ் கையில் வந்தபின் இந்த அட்டை தேவையில்லை. இருந்தும் ஊரில் விமான நிறுவனக் கவுண்டரில் கேட்பார்கள். பாஸ் ஒட்டிய பக்கத்தைக் காட்டினால் போதும். பெயரை மட்டும் கடப்பிதழில் உள்ளபடியே எழுதுங்கள். நம்மவர் கடப்பிதழ்களில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும், அல்லது அப்பா பெயர் இருக்கும். கல்யாணம் ஆனதும் டிக்கெட்டில் கணவர் பெயரைச் சேர்ப்பது பாசத்தில் செய்யும் தவறு. டிக்கெட், அட்டை, கடப்பிதழ் மூன்றிலும் ஒரே எழுத்து இருக்க வேண்டும்.

திருச்சியிலோ சென்னையிலோ புறப்படும்போது ஒரு சிக்கல் வரலாம். மனைவியின் கடப்பிதழில் 'இசிஆர்' (வேலைக்காக வெளிநாடு போகச் சோதனை தேவை) என்ற குறிப்பு உள்ளதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்று காட்டாமல் எடுத்த கடப்பிதழ்களில் அது இருக்கும். இந்தக் குறிப்பு உள்ளவர்கள் வேலைக்குப் போக இந்தியாவின் அனுமதி தேவைப்படும் நாடுகளில் மலேசியாவும் ஒன்று. வேலைக்குப் போகாதவருக்கு அங்கே தனி அனுமதி தேவையில்லை. ஆனால் ஒரு வழி டிக்கெட்டோடு தனியாக வரும் பெண்ணை வேலைக்குப் போகிறவர் என்று சந்தேகித்து நிறுத்துவார்கள். விசா இல்லாமல் வரும்போது திரும்பும் டிக்கெட் எப்படியும் வேண்டும்.

சரவாக், சபாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு, ஏனென்றால் இதில் குழம்பி அழாத குறையாக எழுதுகிறவர்கள் உண்டு. பினாங்கிலிருந்து கூச்சிங் உள்நாட்டு விமானம்தான். ஆனாலும் இறங்கியதும் குடிநுழைவுச் சோதனை உண்டு, குடிமகனான உங்களுக்கும். அடையாள அட்டையோடு போனால் ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். திரும்பும்வரை தொலைக்கக் கூடாது. மனைவி கடப்பிதழ் இல்லாமல் விமானம் ஏறவே கூடாது. அங்கே அவருக்கு அந்த மாநிலத்துக்கான வருகை முத்திரை தனியாக விழும். தீபகற்பத்தில் எடுத்த பாஸ் அங்கே குடியிருக்க உரிமை தராது. வீடு திரும்பியபின் கடப்பிதழைப் புரட்டி, "கடைசி முத்திரை சில நாள்தானே சொல்கிறது, பாஸ் போய்விட்டதா?" என்று பதறுகிறார்கள். போகவில்லை. அந்த முத்திரை அந்த மாநிலத்தில் தங்கும் நாளுக்கு மட்டும். தீபகற்பப் பாஸின் தேதியை அது குறைக்காது. அதே போல, கூச்சிங்கில் கிடைத்த நாட்களைப் பட்டர்வொர்த்தில் தங்குவதற்குக் கணக்கில் சேர்க்கவும் முடியாது. கூச்சிங் போய்த் திரும்பினால் புதிய 30 நாள் என்று சொல்லும் ஏஜெண்டும் இருக்கிறார். முழுப் பொய்.

பாஸ் கிடைத்ததும் கடப்பிதழ் காலாவதித் தேதியைப் பாருங்கள். அதைத் தாண்டிப் பாஸ் ஒட்ட மாட்டார்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருக்கும்போது வெளியே பயணம் போவது ஆபத்து. புதுக் கடப்பிதழ் எடுத்தால், பாஸைப் புதியதற்கு மாற்ற மீண்டும் குடிநுழைவுத் துறைக்குப் போக வேண்டும். மாற்றும்வரை பயணம் தவிர்க்க முடியாது என்றால் பழையது புதியது இரண்டையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள், ஒரு மூலை வெட்டியிருந்தாலும்.