நோயாளிக்காக ஜெபிப்பதைப் படமெடுத்து வெளியிடுவது சாட்சியாகுமா?

நோயுற்றோரைச் சந்தித்து ஜெபிப்பதைப் படமெடுத்துச் சமூக ஊடகங்களில் வெளியிடுவது கிறிஸ்தவச் சாட்சியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சபையிலும் யாரோ இப்படிச் செய்யப்போய் மனம் சங்கடப்பட்டுத்தான் இதைக் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். நன்மை பெற்றவர் தாமே மனமுவந்து சொன்னால் அது சாட்சி. மற்றவர்கள் அவரைக் காட்சிப்படுத்தினால் அது சாட்சியாகாது என்பதே என் பதில்.

என் தாயார் பக்கவாதத்தால் மருத்துவமனையில் கிடந்தபோது, ஜெபக்குழுவினர் பார்க்க வந்தார்கள். அவர்கள் வந்தது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் எல்லோரும் கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கையில், ஒருவர் மட்டும் கட்டிலின் கால்மாட்டில் நின்று கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். அன்று மாலையே அந்தப் படம் பேஸ்புக்கில் வந்துவிட்டது. மூக்கில் குழாய், ஒரு பக்கம் கோணிய வாய், விலகிக் கிடந்த போர்வை. தலைவாராமல் வாசலுக்குக்கூட வராத என் தாயாரை முன்பின் அறியாதவர்கள் எல்லாம் பார்த்து, பதிவில் கேட்டுக்கொண்டபடி "ஆமென்" என்று பதிவிட்டுக்கொண்டிருந்தார்கள். குழுவின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. என் தாயாரின் பெயர் எங்குமே இல்லை. நீக்கச் சொன்னபோது, "தேவனுடைய மகிமைக்காகத்தானே போட்டோம்" என்றார்கள். படம் நீங்கியது, ஆனால் எங்கள் குடும்பத்துக்கு விசுவாசம் போதாது என்ற பேச்சு மட்டும் நெடுநாள் நீங்கவில்லை.

இதைச் சொல்வதால் என்னை ஊழியத்துக்கு விரோதி என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். உங்கள் வெளிச்சம் மனிதர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்று மத்தேயு 5:16 சொல்வதை நானும் அறிவேன். அந்த வசனம் வரும் இயேசுவின் மலைப்பிரசங்கத்திலேயே அடுத்த அதிகாரத்தில், தர்மம், ஜெபம், உபவாசம் ஆகிய மூன்றையுமே மனிதர் காணவேண்டும் என்பதற்காகச் செய்யாதீர்கள் என்று அவர் எச்சரிப்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு மாற்கு 5-ஆம் அதிகாரத்தைவிடத் தெளிவான விடையை நான் கண்டதில்லை. ஜெபஆலயத் தலைவனான யவீருவின் இறந்துபோன 12 வயது மகளை உயிரோடு எழுப்பப் போகையில், இயேசு கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, பெற்றோரையும் சீஷர்களில் மூவரையும் மட்டுமே உடன் அழைத்துச் செல்கிறார். அவள் எழுந்த பின்பும், நடந்ததை ஒருவருக்கும் அறிவிக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி, அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கும்படி கூறுகிறார். ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், பிசாசு பிடித்துக் கல்லறைகளில் திரிந்த மனிதன் விடுதலை பெற்று, ஆடை உடுத்தி, தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருந்த பிறகு, வீட்டுக்குப் போய்க் கர்த்தர் செய்ததை உன் இனத்தாருக்குச் சொல் என்று அவனையே அனுப்புகிறார். தன் நிலைக்குத் திரும்பியவன் தன் வாயால் சொன்னான். அவன் கல்லறைகளில் கிடந்த கோலத்தை வேறு எவரும் ஊருக்குக் காட்டும்படி இயேசு சொல்லவில்லை.

உங்கள் சபையில் இதைப் பேசினால், நோயாளியிடம் அனுமதி கேட்டுத்தான் எடுத்தோம் என்பார்கள். தமக்காக ஜெபிக்க வந்திருப்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லும் திராணி படுக்கையில் கிடப்பவருக்கு இருப்பதில்லை. ஆகையால் அந்தத் தலையசைப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல், அவர் குணமாகி வீடு திரும்பிய பிறகு கேட்கச் சொல்லுங்கள்.